பெருநகரும் சனரஞ்சகப் பாடலும்: பம்பாய் நகரப் பாடல்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1. தோற்றுவாய்

நாட்டார் பாடல்களை ஆய்வுக்குரிய பொருளாக ஏற்றுக்கொள்வதற்கே நமது பல்கலைக்கழகங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. தாலாட்டும் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் காலப்போக்கில் ஒருவாறு அங்கீகாரம் பெற்றுவிட்டன. ஆயின், நகரத்துத் தெருக்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் திரையரங்குகளிலும் பிறந்து, இலட்சக்கணக்கான மக்களின் வாயிற் பயின்றுவந்த சனரஞ்சகப் பாடல்கள் இன்னும் ஆய்வின் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கின்றன. மரபுவழி அறிஞர் அவற்றை இலக்கியத் தரமற்றவை எனத் தள்ளினர். முற்போக்குத் திறனாய்வாளருட் பலரோ அவற்றை முதலாளித்துவத்தின் விற்பனைச் சரக்கு என்றும், உழைப்போரை மயக்கும் போதை என்றும் ஒதுக்கினர். எதிரெதிர்த் திசைகளிலிருந்து புறப்பட்ட இரு சாராரும் ஒரே முடிவில் வந்து சேர்ந்தமை சிந்தனைக்குரியது.

இப்புறக்கணிப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதை ஒரு குறிப்பிட்ட நகரத்தின் பாடல்களைக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட நகரம் பம்பாய். 1995 ஆம் ஆண்டு முதல் மும்பை என்பதே அதன் அதிகாரபூர்வமான பெயராயினும், இங்கு நோக்கப்படும் பாடல்களிற் பெரும்பாலானவை அதற்கு முந்தியவையாதலின் பழைய பெயரே இக்கட்டுரையிற் கையாளப்படுகின்றது.

பம்பாயைத் தேர்ந்தமைக்கு இலங்கை வாசகரைப் பொறுத்தவரையில் தனிக் காரணம் ஒன்றுமுண்டு. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரங்குறைந்தவை என்ற கருத்தினர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து அவை ஏறத்தாழ முற்றாக வெளியேற்றப்பட்டன. வெளியேற்றப்பட்ட பாடல்களுக்குப் புகலிடம் அளித்தது இலங்கை வானொலியின் வர்த்தக சேவையாகும். அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சியின் நாடாக்கள் விமானமூலம் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து சிற்றலையில் இந்தியா முழுவதற்கும் திரும்பிச் சென்றன. பம்பாயின் தெருவைப் பற்றிய பாடலைப் பம்பாயின் தெருவில் வாழ்ந்தவன் கொழும்பின் வழியாகவே கேட்க நேர்ந்தது. 1957 ஒக்டோபரில் ‘விவித பாரதி’ தொடங்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. அம்மெட்டுகளோடு வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடையேயும் உண்டு. மெட்டு நமக்குத் தெரியும். அதன் பின்னாலிருந்த நகரத்தை நாம் பெரிதும் அறிந்தோமல்லோம்.

2. நகரமும் அதன் மாந்தரும்

பாடல்களை விளங்கிக்கொள்வதற்கு அவற்றைப் பாடியோரும் கேட்டோரும் யாவர் என்பது முதலில் தெளிவாதல் வேண்டும். பம்பாயின் முதலாவது பஞ்சாலைக்கு 1854 இல் அடித்தளமிடப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டினுள் லால்பாக், பரேல், வொர்லி முதலிய பகுதிகள் ஆலைப் புகைபோக்கிகளால் நிறைந்தன. அப்பகுதியை மக்கள் ‘கிரண்காவ்’ என்றனர். ‘ஆலைகளின் கிராமம்’ என்பது அதன் பொருள். மாபெரும் நகரொன்றின் நடுப்பகுதி கிராமம் எனப் பெயர்பெற்றமை வெறும் சொல்விநோதமன்று. ஆலைத் தொழிலாளர் பெரும்பாலும் கொங்கணக் கடற்கரையின் இரத்தினகிரியிலிருந்தும் சாத்தாரா போன்ற மேட்டுநில மாவட்டங்களிலிருந்தும் வந்தோராவர். 1921 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரில் வாழ்ந்தோருள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் வேறிடங்களிற் பிறந்தவர்கள்.

இவர்கள் கிராமத்தை விட்டு வந்தனரேயன்றி அதனைக் கைவிட்டு வந்தவரல்லர். சிறுநிலமும் பெற்றோரும் மனைவி மக்களும் ஊரில் இருக்க, ஆடவர் மட்டும் நகரில் ‘சால்’ எனப்படும் குடியிருப்புகளில் தங்கினர். நமது மலையகத் தோட்டங்களின் லயங்களை மாடிமேல் மாடியாக அடுக்கினாற்போன்ற கட்டடங்கள் அவை. ஓர் அறையில் ஒரே ஊரவர் பலர் கூடி வாழ்வர். பகல் முறை வேலைக்காரன் எழுந்து சென்ற பாயில் இரவு முறை வேலைக்காரன் வந்து படுப்பான். உணவு, ‘காணாவள்’ எனப்படும் மாதக் கணக்குச் சாப்பாட்டு வீடுகளில். அவற்றை நடத்தியோர் பெரும்பாலும் பெண்கள். விடுமுறைக்கு ஊர் செல்வதும் வேலைநிறுத்தக் காலத்தில் ஊரின் சோற்றை நம்பியிருப்பதும் அவர்களது வாழ்க்கை முறையாயிருந்தன.

ஆகவே பம்பாய்ப் பாடலின் பாடுபொருள் வெறும் நகரம் அன்று. நகரில் ஒரு காலும் ஊரில் ஒரு காலுமாக நின்ற மனிதனே அதன் பாடுபொருள். நகரம் அவனைச் சுரண்டியது. அதேவேளை நிலவுடைமையாளனின் பிடியிலிருந்தும் ஊர்ச் சாதிக் கட்டுப்பாட்டின் கொடூரத்திலிருந்தும் ஓரளவு மூச்சுவிடவும் வைத்தது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை. இவ்விரு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கும் ஆற்றலே ஒரு நகரப் பாடலின் தகைமையை அளக்கும் கோலாகும் என்பது இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

3. லாவணியிலிருந்து செங்கொடிப் பாடல் வரை

லாவணி தமிழருக்குப் புதியதன்று. தஞ்சை மராத்தியர் ஆட்சியோடு தமிழ்நாட்டிற் புகுந்து, எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு தரப்பாகப் பிரிந்து வாதிடும் கலையாக வழங்கிய வடிவம் அது. மகாராட்டிரத்தில் அது ‘தமாசா’ என்னும் கூத்தின் உயிர்நாடி. சிருங்காரமும் அங்கதமும் கேள்வி பதிலும் கலந்த அவ்வடிவம், ஆலைத் தொழிலாளரோடு ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்தது.

தமாசா மரபின் பெரும் புலவராகப் போற்றப்படும் பட்டே பாபுராவ் (1866 - 1945) பிராமணக் குலத்திற் பிறந்து, தீண்டாமைக்குட்பட்ட மகார் சாதியைச் சேர்ந்த பவளா என்னும் கலைஞரோடு வாழ்வையும் அரங்கையும் இணைத்துக்கொண்டவர். அவர் பம்பாய் மீது ஒரு லாவணி இயற்றினார். நகரின் செல்வப் பொலிவை இராவணனின் இலங்கைக்கு ஒப்பிடும் அப்பாடல், முதன்முதலாகப் பெருநகரைக் காணும் கிராமத்தானின் வியப்பை உட்கொண்டது. வியப்புக்குரிய பொருள்கள் வரிசையாக எண்ணப்படுகின்றன; அவற்றைப் படைத்த கைகள் பற்றிப் பேச்சில்லை.

அந்தக் கைகளைப் பாட்டிற்குள் கொணர்ந்தவர் அண்ணாபாவ் சாட்டே (1920 - 1969). ஒடுக்கப்பட்ட மாங் சாதியினர். சிறுவனாக இருந்தபோது தமது ஊரிலிருந்து தந்தையோடு நடந்தே பம்பாய் சேர்ந்தவர். பள்ளிப்படிப்பு இல்லையெனத் தக்க அளவே பெற்றவர். பல கூலி வேலைகளையும் ஆலை வேலையையும் செய்தவர். கொம்யூனிஸ்ட் கட்சியின் தொடர்பு அவருக்கு எழுத்தையும் அரங்கையும் தந்தது. 1944 இல் அவரும் அமர் சேக், தத்தா கவாண்கர் ஆகியோரும் ‘லால் பாவ்ட்டா கலாபதக்’ என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தனர். இம்மூவருள் ஒருவர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒருவர் பிறப்பால் இஸ்லாமியர். மராத்தி மக்கட் பாடலின் உச்சமொன்று இத்தகைய கூட்டிலேயே நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சாட்டேயும் பம்பாய் மீது ஒரு லாவணி பாடினார். வடிவம் பழையது, நோக்கு புதியது. உயரத்திலுள்ள மலபார் குன்று இந்திரபுரியாகவும் குபேரர்களின் உறைவிடமாகவும் காட்டப்படும். மறுகணமே பாட்டு கீழிறங்கி, இரவுபகலாய் உழைத்தும் கிடைத்ததை உண்டு வாழும் பரேல் மக்களிடம் வரும். பட்டே பாபுராவிடம் பட்டியலாக இருந்தது சாட்டேயிடம் முரணாக மாறுகிறது. நகரம் ஒன்றல்ல, ஒன்றையொன்று தின்று வாழும் இரண்டு என்பதே அதன் பொருள். மரபான லாவணியின் எதிர்நிலை அமைப்பு, வர்க்க முரண்பாட்டை எடுத்துரைப்பதற்கு இயல்பாகவே இடங்கொடுத்தது எனலாம்.

இதனினும் ஆழமானது ‘மாஜி மைனா’ என்னும் அவரது பாடல். ஊரில் விட்டுவந்த மனைவியை மைனாப் பறவையாக எண்ணி உருகும் ஆலைத் தொழிலாளியின் கூற்றாக அது தொடங்குகிறது. அவளது தோற்றப் பொலிவு, பிரியும் வேளையில் அவள் நின்ற நிலை, நகரில் வேலை தேடி அலைந்தமை, கண்முன் விரிந்த செல்வமும் வறுமையும் என அது நடக்கிறது. தமிழ் வாசகருக்கு இங்கு ‘பொருள்வயிற் பிரிவு’ நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் வேறுபாட்டையும் நோக்குதல் வேண்டும். பாலைத் திணைத் தலைவன் பொருள் முடித்துக் கார்காலத்தில் மீள்வான் என்பது மரபு. ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய மீட்சி இல்லை. அவன் ஈட்டும் பொருள் என்றும் முடிவதில்லை. பிரிவு ஒரு பருவமாக இல்லாது வாழ்நாளாகவே நீண்டுவிடுகிறது.

பாடலின் இறுதியில் எதிர்பாராத திருப்பம் ஒன்று நிகழ்கிறது. மராத்தி பேசும் மாநிலத்தைப் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு அமைக்கக் கோரிய ‘சம்யுக்த மகாராட்டிர’ இயக்கம் 1950களின் நடுப்பகுதியில் எழுந்தபோது, அரசின் துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் உழைக்கும் மக்கள். சாட்டேயின் பாட்டில் மைனா அப்போது மனைவி என்னும் நிலையைக் கடந்து, பிரிந்து கிடக்கும் நிலமாக விரிவடைகிறாள். தனிமனிதப் பிரிவாற்றாமை கூட்டுக் கோரிக்கையாகின்றது. 1960 மே முதலாம் நாள் பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராட்டிர மாநிலம் உதயமாயிற்று. நகரைக் கட்டியெழுப்பிய தொழிலாளி ‘இது எனது நகரம்’ எனப் பாட்டில் உரிமை கோரி, அவ்வுரிமை அரசியலில் ஓரளவேனும் நிறைவேறிய அரிய தருணம் அது. எனினும், அந்த மாநிலம் தன் பாடகனுக்கு அளித்தது மிகக் குறைவு. சாட்டே வறுமையிலேயே மறைந்தார்.

4. திரைப்பாடலிற் புகுந்த தெரு

ஆலைப் பகுதியின் பாடல்கள் மராத்தியில் அமைந்தவை. அதே காலத்தில் அதே நகரிற் பிறந்த இந்தி, உருதுத் திரைப்பாடல்கள் வேறொரு வழியால் வந்தன. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1936 இலும் இந்திய மக்கள் நாடக மன்றம் 1943 இலும் தோன்றின. இவற்றோடு தொடர்புற்ற கவிஞர் பலர் பிழைப்பின் பொருட்டுப் பம்பாய்த் திரையுலகை நாடினர். கொள்கையும் கூலியும் மோதிய இடத்திலேயே பல நல்ல பாடல்கள் பிறந்தன.

சைலேந்திரா (1923 - 1966) மாட்டுங்கா புகையிரதப் பட்டறையில் வேலை பார்த்தவர். வட இந்திய வேலைநிறுத்த ஊர்வலங்களில் இன்றும் ஒலிக்கும் புகழ்பெற்ற முழக்கமொன்று அவர் எழுதியதே. ராஜ் கபூரின் முதல் அழைப்பை மறுத்துப் பின்னர் குடும்பத் தேவையால் இணங்கியவர். ‘ஸ்ரீ 420’ (1955) திரைப்படத்தில், அலகாபாத்திலிருந்து வந்த படித்த இளைஞன் நேர்மைக்காகத் தான் பெற்ற பதக்கத்தைப் பம்பாயில் அடகு வைக்கிறான். நூறு ரூபாவுக்கு வீடு தருவதாக நடைபாதை மக்களை ஏமாற்றும் மோசடியே கதையின் உச்சம். பெயரிலுள்ள எண், ஏமாற்றுக் குற்றத்தைக் கூறிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவாகும்.

அப்படத்தில் நடைபாதை மக்கள் கூடிப் பாடும் பாடலொன்று தெலுங்குச் சொற்களால் தொடங்குகிறது. இந்திப் படமொன்றின் மையப் பாடலில் தெலுங்கு புகுந்தமை தற்செயலன்று. பல மொழியினரும் ஒரே நடைபாதையில் உறங்கிய நகரம் அது. அதிலும் கூர்ந்து நோக்கற்பாலது, பாடல் நகரத்தின் இடங்களுக்குச் சூட்டும் பெயர்கள். செல்வர் வாழும் பகுதி ‘அந்நிய நாடு’ என்றும் ஏழைகளின் இருப்பிடம் ‘இந்தக் கிராமம்’ என்றும் சுட்டப்படுகின்றன. இரண்டுக்குமிடையே உள்ள தூரம் சில தெருக்களே. ஆலைப் பகுதியை மக்கள் ‘கிராமம்’ என அழைத்த அதே மனநிலை இங்கும் தொழிற்படுகின்றது.

‘சி. ஐ. டி.’ (1956) திரைப்படத்திற்காக மஜ்ரூஹ் சுல்தான்பூரி எழுதி, ஓ. பி. நய்யார் இசையமைத்து, முகம்மது ரபியும் கீதா தத்தும் பாடிய பாடல் பம்பாயின் அடையாளப் பாடலாகவே மாறிவிட்டது. யுனானி மருத்துவம் பயின்ற மஜ்ரூஹ், நேருவை விமர்சித்த கவிதையொன்றின் பொருட்டுச் சிறைப்பட்டு, மன்னிப்புக் கேட்க மறுத்தவர். அவரது இப்பாடலைத் திரையிற் பாடுபவன் ஜேப்படித் திருடன். நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கர் அப்பாத்திரத்தை ஏற்றார். மெட்டு அமெரிக்க நாட்டுப்பாடல் ஒன்றை நினைவூட்டும் இலகுவான துள்ளல் மெட்டு. இவையெல்லாம் பாடலை வெறும் கேளிக்கையாக எண்ணவைக்கும். உள்ளடக்கமோ வேறு. ட்ராம் வண்டி, மோட்டார், ஆலை யாவும் நிறைந்த நகரில் மனித இதயம் மட்டும் காணப்படவில்லை என்கிறான் அவன். வேலையற்றோர்க்குச் சூதும் களவும் பட்டினியுமே தொழில்களாக இருப்பதைக் கூறுகிறான். வீடற்றவனை ஊர்சுற்றி என்று பழிப்போர், தாம் பிறர் கழுத்தை அறுப்பதற்கு வணிகம் என்று பெயரிடுகின்றனர் என்கிறான். திருடன் ஒருவன் வாயால் உரைக்கப்படுவதால் இக்கூற்று இரட்டிப்புக் கூர்மை பெறுகிறது. பாடல் வெளிவந்து மூன்றாண்டுகளின் பின், 1959 இல், பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கிய பம்பாய்ச் சட்டம் நிறைவேறியது. ஊர்சுற்றி என்னும் பெயர் அந்நகரிற் சிறையையும் குறித்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆயின் பாடல் அத்துடன் முடிவதில்லை. இறுதியில் உடன்வரும் பெண் மறுமொழி கூறுகிறாள்: இவ்வாறு குறைகூறும் பேதையாகாதே, செய்வதன் பயனை அவரவர் பெறுவர், இங்கு வாழ்தல் எளிதே. இதனைத் தணிக்கைக்கு அஞ்சிய சமரசம் எனக் கொள்வோர் உளர். அவ்வாறு கொள்வது பாடலின் அமைப்பைக் காணத் தவறுவதாகும். கடினம் என்ற குரலும் எளிது என்ற குரலும் ஒரே மெட்டில், ஒரே குதிரைவண்டிப் பயணத்தில் ஒலிக்கின்றன. வாழவே முடியாதென அறிந்தும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கிய நகரத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது. லாவணியின் இருதரப்பு வாதம் திரைப்பாடலில் உருமாறித் தொடர்ந்தது போலவே இது தோன்றுகிறது.

ஸாஹிர் லூதியான்வி (1921 - 1980) சமரசத்திற்கு இடமளியாதவர். தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத் தழுவிய ‘பிர் சுபஹ் ஹோகி’ (1958) படத்திற்காக அவர் எழுதிய பாடலொன்று, கவிஞர் இக்பால் முறையே 1904 இலும் 1910 இலும் இயற்றிய இரு புகழ்பெற்ற கீதங்களை அங்கதமாக மாற்றியமைத்தது. தேசம் நமது, உலகம் நமது என்ற பெருமிதத்தைப் பம்பாய் நடைபாதையில் உறங்குபவனின் வாயில் ஸாஹிர் வைத்தார். உரிமை பேசும் சொற்கள் அப்படியே இருக்கின்றன. பேசுபவனுக்கோ கூரை இல்லை. விடுதலை பெற்றுப் பதினோராண்டுகளே ஆன நாட்டில், தேசம் யாருடையது என்னும் வினாவை மேடைப்பேச்சு எதனையும் விட அகலமாகப் பரப்பியது இப்பாடல்.

5. இரு மரபுகளின் மௌனங்கள்

மேற்கூறிய இரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, ஒவ்வொன்றும் எதனைச் சொல்லாது விட்டது என்பது புலனாகின்றது.

திரைப்பாடல் தெருவைப் பாடியது, தொழிற்கூடத்தைப் பாடவில்லை. நடைபாதைவாசி, ஜேப்படித் திருடன், டாக்ஸிச் சாரதி, வேலையற்ற பட்டதாரி ஆகியோர் அங்கு நிறையவே வருகின்றனர். ஆனால், நகரின் முதுகெலும்பாக இருந்த நெசவுத் தொழிலாளி தறியின் முன் நிற்கும் காட்சி அரிது. தொழிற்சங்கம் அதனினும் அரிது. சாதியோ பெயரளவிலும் இல்லை. ‘ஏழை’ என்ற பொதுச்சொல்லால் எல்லா வேறுபாடுகளும் மூடப்பட்டன. சைலேந்திரா ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவர் என்பதே அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே பரவலாகப் பேசப்பட்டது. நாடு முழுவதும் விற்பனையாக வேண்டிய பாடல், எவரையும் பெயர்சொல்லிச் சுட்ட முடியாதிருந்தது போலும்.

செங்கொடிப் பாடகரின் பாடல் இக்குறையை நிரப்பியது. பரேல் என்றும் மலபார் குன்று என்றும் அது இடஞ்சுட்டிப் பேசியது. உழைப்பையும் கூலியையும் சங்கத்தையும் பேசியது. ஆயின் அதற்கும் எல்லைகள் உண்டு. அது மராத்தியில் அமைந்தது. நகரின் குசராத்தி, தெலுங்கு, உருது, தமிழ்த் தொழிலாளருக்கு அது எட்டவில்லை. தனிமனிதனின் சோர்வுக்கும் ஐயத்திற்கும், கூட்டத்தின் நடுவே அவனடைந்த தனிமைக்கும் அதில் இடம் குறைவு. மாநிலக் கோரிக்கையோடு ஒன்றிய ‘நமது நகரம்’ என்னும் முழக்கம், பிற்காலத்தில் வேறு கைகளில் ‘பிறர்க்குரியதன்று’ என்னும் குரலாகத் திரிந்தது. சிவசேனை 1966 இல் தோன்றித் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளம்பியபோது, பம்பாய்த் தமிழர் அத்திரிபின் விளைவை நேரிற் கண்டனர். சாட்டேயின் பாட்டு இதற்குப் பொறுப்பாகாது. ஆனால் வர்க்க உள்ளடக்கம் கழன்றுவிட்டால் மண்ணுரிமைச் சொல் எங்கு போய்ச்சேரும் என்பதற்கு இது எச்சரிக்கையாகும்.

எனவே ஒன்றைத் தூய மக்கட்பாடல் என்று போற்றி மற்றதை வணிகம் என்று தள்ளும் திறனாய்வு, பாதி நகரையே காண்கிறது.

6. ஆசை தேய்ந்த காலம்

1970களிற் பாட்டின் தொனி மாறியது. ‘கரௌந்தா’ (1977) வாடகை வீட்டுக்கும் வழியற்ற எழுதுவினைஞர் இருவரின் காதற்கதை. குல்சார் எழுதி ஜெய்தேவ் இசையமைத்த அதன் பாடல்களில், தொடக்கத்தில் இருவராக விளையாட்டாய் வீடு தேடும் குரல், பின்னர் ஒருவனாய்த் தனித்து அலைகிறது. வறுமையோடு நடுத்தர வர்க்கத்தின் நம்பிக்கையும் இங்கு உடைகிறது. மறுபுறம், ‘டான்’ (1978) படத்தில் அஞ்சான் எழுதிய பாடல், உத்தரப் பிரதேசத்து மக்களின் பேச்சுச் சாயலில் பம்பாயைச் சுற்றிக்காட்டுகிறது. கண்டனம் ஆட்டத்திற்குரிய அலங்காரமாகிவிட்ட நிலை அது.

முசாபர் அலியின் ‘கமன்’ (1978) இவற்றுள் தலையாயது. உத்தரப் பிரதேசத்துக் கிராமமொன்றிலிருந்து தாயையும் மனைவியையும் விட்டுவந்து டாக்ஸி ஓட்டும் ஒருவனின் கதை. ஊர் திரும்பும் ஆசையோடு நிலையம் வரை சென்றும் வண்டியேற இயலாது அவன் நிற்பதுடன் படம் முடிகிறது. ஷஹ்ரியார் எழுதிச் சுரேஷ் வாட்கர் பாடிய கஸல், விடையற்ற வினாக்களாலேயே அமைந்தது. ‘எளிது’ என மறுமொழி கூறும் குரல் அதில் இல்லை. அதே படத்தில், தெலுங்கானாப் போராட்டத்தோடு இணைந்த பொதுவுடைமைக் கவிஞர் மக்தூம் மொகிதீனின் கஸலொன்றைச் சாயா கங்குலி பாடுகிறார். அது ஊரில் இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியின் குரலாகப் பயன்படுகின்றது. சாட்டேயின் பாட்டில் வருணிக்கப்பட்ட மைனா இங்கு தானே பேசுகிறாள். நகரப் பாடலுக்கு ஊரிலும் ஒரு பாடகி இருந்தாள் என்பதைத் திரை உணர்வதற்கு இத்துணைக் காலம் சென்றது.

7. ஆலைகள் மூடியபின்

1982 ஜனவரி 18 ஆம் நாள் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் 2½ இலட்சம் பேர் தத்தா சாமந்தின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் நின்றன. அவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவேயில்லை, ஆலைகளே முடிந்துபோயின. 1991 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி விதிகள் ஆலை நிலங்களை விற்பதற்கு வழிதிறந்தன. புகைபோக்கிகள் நின்ற இடங்களில் அங்காடி மாளிகைகளும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன. லாவணியையும் செங்கொடிப் பாடலையும் கேட்ட சபை கலைந்தது.

பாடல் முற்றாக அடங்கவில்லை. ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ (1985) என்னும் ஆவணப்படம் குடிசை இடிப்பைப் பற்றியது. தலித் பாடகர் விலாஸ் கோக்ரே உழைப்போரின் கதையை அதிற் பாடுகிறார். 1997 ஜூலையில் ரமாபாய் நகரில் தலித் மக்கள்மீது பொலிசார் சுட்டதில் பத்துப்பேர் மாண்டனர். அத்துயரந் தாளாது கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். திரைப்பாடல் பெயர்சொல்லத் தயங்கிய சாதி, அவரது வாழ்விலும் பாட்டிலும் மறைவின்றி நின்றது.

2010களின் நடுப்பகுதியில் குர்லா, அந்தேரி, தாராவி ஆகிய பகுதிகளின் இளைஞர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘ராப்’ வடிவத்தைக் கைக்கொண்டு தத்தம் சந்துகளைப் பாடலாயினர். நூற்றாண்டுக்கு முன்னரே திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர் குடியேறிய இடம் தாராவி. அங்கிருந்து எழுந்த ‘டோப்படெலிக்ஸ்’ குழுவினர், பா. ரஞ்சித்தின் ‘காலா’ (2018) திரைப்படத்தின் பாடல்களிற் பங்குகொண்டனர். நில உரிமையே அப்படத்தின் மையப்பொருள். ஊர் நினைவு இப்பாடல்களில் ஏறத்தாழ இல்லை. பாடுவோர் அந்நகரிலேயே பிறந்தவர்கள். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. மைனாவுக்காக ஏங்கியவனின் பேரர், தாம் பிறந்த சந்தில் தொடர்ந்து வாழ்வதற்கே வாதாட வேண்டியிருக்கிறது.

8. முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. பெருநகர் பற்றிய சனரஞ்சகப் பாடல் நகரின் வனப்பிலிருந்து பிறப்பதன்று. நகருக்கு உழைப்பை அளித்தும் அதன்மீது உரிமை பெறாதோரின் நிலையிலிருந்து பிறப்பது. வணிகச் சாதனம் அதன் குரலைக் கட்டுப்படுத்திற்றேனும் முற்றாக அடக்கிவிடவில்லை. ஒரு மரபு மௌனங்காத்த இடத்தில் மற்றொரு மரபு பேசியுள்ளமையால், அவற்றைச் சேர்த்துப் படிப்பதே முறையாகும்.

நூற்றைம்பது ஆண்டுகளாக அந்நகரை இயக்கிய மக்களின் வரலாறு ஆலை முதலாளிகளின் கணக்கேடுகளில் உற்பத்தி எண்களாகவும் காவற்றுறை அறிக்கைகளிற் குற்றங்களாகவும் பதிவாகியுள்ளது. ஆலை நிலங்கள் கைமாறியபின், அங்கு அவர்கள் வாழ்ந்தமைக்கான தடயங்களும் குறைந்துவருகின்றன. ட்ராம் வண்டி 1964 இல் நின்றுவிட்டது. பாட்டில் இன்னும் ஓடுகிறது. அதில் ஏறியிருந்தவன் யார், அவன் ஏன் சிரித்தான், எதற்கு அஞ்சினான் என்பவற்றை வேறெந்த ஆவணமும் இவ்வளவு நெருக்கமாகக் கூறவில்லை.

பம்பாயின் பாடல்களை உலகெங்கும் ஒலிபரப்பிய கொழும்பு, தன்னைப் பற்றி எவற்றைப் பாடியது என்பதும் ஆராயப்படவேண்டியதே. துறைமுகத் தொழிலாளரும் சுமைகூலிகளும் கடைச்சிப்பந்திகளும் வாழ்ந்த தெருக்களில் தமிழிலும் சிங்களத்திலும் எழுந்த பாடல்கள், பைலாவும் பொப் பாடல்களும் உட்படத் தொகுக்கப்படல் வேண்டும். அவற்றைப் பாடியும் கேட்டும் வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்டெழுதும் பணியை இன்றைய மாணவர் மேற்கொள்வாராயின், அதுவே இத்துறைக்கு அவர்கள் செய்யும் முதற்பணியாக அமையும்.